மூட்டையோடு போன தேனீக்கள்

எங்கள் வீட்டில் ஒரு வீட்டோடு மாப்பிள்ளை இருக்கிறார். கூடத்தின் மூலையில், ஃபிரிட்ஜ் நிற்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். இருபத்துநான்கு மணி நேரமும் அவருக்குக் கரண்டு வேண்டும், காற்று வேண்டும். தூசி ஆகாது, வெயில் ஆகாது. பக்கத்தில் தலை துவட்டினால்கூட என் கணவர் முறைப்பார். கறுப்புத் தகரப் பெட்டி, உள்ளே நான்கு டிஸ்க்கு. சர்வர் என்று பெயர். அவருக்காக ஃபிரிட்ஜை அடுப்படிக்குள் தள்ளியதில் அங்கே இரண்டு பேர் நிற்க இடமில்லாமல் போய், சமையல் என் கணவர் கைக்கு மாறியது. அந்த ஒரு நன்மைக்காகவே நான் அவரைப் பொறுத்துக்கொண்டேன்.

கேலி செய்கிறேனே தவிர, அந்தப் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் என் சொத்து. நான் போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் எடுக்கிறேன். நாற்பத்தோரு வயதில், கூடப் படித்தவர்கள் எல்லாம் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய நேரத்தில், நான் பகுதிநேர முனைவர் படிப்பில் சேர்ந்தேன். ஏலக்காய்ப் பூவுக்கு எந்தத் தேனீ வருகிறது, எப்போது வருகிறது, எத்தனை நொடி இருக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. சொந்தக்காரர்கள் என் முகத்துக்கு நேரே, "இதுக்கெல்லாம் ஒரு பட்டமா?" என்று கேட்டார்கள். நானும் அவர்கள் முகத்துக்கு நேரே, ஆமாம் என்றேன்.

ஏலச் செடி ஆளைவிட உயரமாக வளரும். பூவோ தரையில்தான் பூக்கும். செடியின் காலடியிலிருந்து சரம் சரமாகக் கிளம்பி மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிடக்கும். அதைப் படம் பிடிக்க வேண்டுமானால் கேமராவும் படுக்க வேண்டும், கேமராக்காரியும் படுக்க வேண்டும். ஐந்து பூக்காலங்களாக, சனிக்கிழமை விடியும்போதே ஜீப்பில் குரங்கணி போய், அங்கிருந்து நடந்து மேலேறி, ஒரு தோட்டத்தில் காலிச் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்திருக்கிறேன். அட்டைப்பூச்சிகளுக்கு அன்றைக்கு விருந்து. கேரளத்துக்காரரான மேற்பார்வையாளர் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் குடையோடு நின்று, "டீச்சரே, தேனீச்ச வந்நோ?" என்று கேட்பார். "இன்னும் வரலண்ணே" என்பேன். "வரும், வரும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்.

வரத்தான் செய்யும். வெள்ளைப் பூவின் உதட்டில் ஊதா நிறத்தில் கோடு கோடாக இருக்கும். தேனீ அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே உள்ளே நுழையும். வெளியே வரும்போது முதுகில் மகரந்தம் அப்பியிருக்கும். அந்தச் சில நொடிகளுக்கு முதுகுவலி, அட்டை, திருத்தாமல் கிடக்கும் விடைத்தாள் கட்டு எதுவும் எனக்கு நினைவிருக்காது. நான் வேறெங்கும் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. என் கல்யாணத்தன்றுகூட இல்லை. இதைக் கணவரிடமே சொல்லியிருக்கிறேன்.

அவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பத்தில் முதலில் கணினி படித்தவர் அவர். பெங்களூரில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். என் வீடியோக்கள் மலையாகக் குவிந்தபோது, அவற்றைப் போட்டு வைக்க அந்தச் சர்வரைத் தன் கையாலேயே கட்டினார். ஒரு வாரம் வீடு முழுக்கத் திருகாணி. வேலை முடிந்ததும் என்னை எதிரில் உட்கார வைத்துச் சட்டம் சொன்னார்.

"மூணு பிரதி இருக்கணும். ஒண்ணு இந்தப் பெட்டியில. இன்னொண்ணு தனி டிஸ்க்கா பீரோவுல. மூணாவது இந்த வீட்டுலயே இருக்கக்கூடாது, வேற தெருவுல மேட்டுல இருக்கணும். எம்புட்டு வெள்ளம் வந்தாலும் மூணையும் ஒரே நேரத்துல தொட முடியாது பாத்துக்க."

இணையத்தில் ஏற்றி வைத்துவிடலாமே என்று கேட்டேன். எங்கள் தெரு இணைப்பின் வேகத்தை வைத்து மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, "ஏத்தி முடிக்கிறதுக்குள்ள மலையில அடுத்த காயெடுப்பு வந்துரும்" என்றார்.

வெள்ளத்தைப் பற்றி அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீடு ஊரோரத்தில், ஓடைக்குப் பக்கத்தில், தாழ்வான மனையில் இருக்கிறது. மனையை வாங்கியது நல்ல கோடையில். ஓடை மணல்வெளியாகக் கிடந்தது. நாங்களும் அதைத் தெரு என்றே நினைத்துவிட்டோம். வீடு கட்டிக் குடிவந்த முதல் ஐப்பசியிலேயே தண்ணீர் வாசல்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மறுவாரமே என் கணவர் வாசல் நிலைக்குக் குறுக்கே முழங்காலைத் தாண்டும் உயரத்துக்குச் சிமெண்டில் ஒரு தடுப்பு கட்டினார். வயக்காட்டுக்காரர் புத்தி, வாசலுக்கு வரப்பு போட்டுவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளில் கால் தடுக்காமல் உள்ளே நுழைந்தவர்கள் குறைவு. சர்வரையும் ஓர் அடி உயரத்தில் ஒரு கல்பலகை மேல் ஏற்றி வைத்தார்.

மூன்றாவது பிரதியைக் கொண்டுபோய் வைக்கும் பொறுப்பு என்னுடையது. என் அண்ணன் ஏலக்காய் வியாபாரி. கடைவீதியில், ஊரின் மேட்டுப் பகுதியில், அவருக்கு மாடியில் மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கி ஒன்று உண்டு. எந்த மழையும் அங்கே ஏறியதில்லை. அந்தக் கிட்டங்கியில் டிஸ்க்கை வைப்பதற்கென்று என் கணவர் தண்ணீர் புகாத பெட்டி ஒன்றை வரவழைத்தார். ரப்பர் விளிம்பு, நான்கு பக்கமும் கொக்கி, உள்ளே ஈரம் உறிஞ்சும் குட்டிக் குட்டிப் பொட்டலங்கள். அதை எப்படித் திறந்து எப்படி மூட வேண்டும் என்று எனக்கு இரண்டு முறை செய்து காட்டினார். எனக்குச் சுள்ளென்று வந்தது.

நான் ஏலக்காய் வியாபாரி வீட்டில் பிறந்தவள். ஈரத்தைப் பற்றி எனக்கு ஒருவர் பாடம் எடுப்பதா? உலர்த்திய ஏலக்காய் ஈரத்தை மோந்தாலே பச்சை நிறம் வெளுத்துவிடும். அதனால் வெளியே சணல் சாக்கு, உள்ளே கெட்டி பாலித்தீன் பை என்று போட்டு, காற்றைப் பிதுக்கி, வாயை முறுக்கிக் கட்டி வைப்பார்கள். ஆடி மழையோ ஐப்பசி மழையோ, உள்ளே இருக்கும் காய் மொறுமொறுவென்று இருக்கும். எங்கள் வீட்டில் நனையக்கூடாத பொருள் எதுவாக இருந்தாலும் மழைக்காலத்தில் மூட்டைக்குள்தான் போகும். அம்மாவின் பட்டுச்சேலை, வீட்டுப் பத்திரம், என் பட்டச் சான்றிதழ் எல்லாம் அப்படிப் பிழைத்தவைதான். வேலைக்கான நேர்காணலில் என் சான்றிதழைப் புரட்டிய தலைமையாசிரியர், "என்னம்மா, பாயச வாசம் அடிக்குது?" என்று கேட்டார். வேலை கிடைத்தது.

ஆகவே பெட்டியை நான் பயன்படுத்தவில்லை. அண்ணன் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். வீட்டுச் செலவுக்கும் சொந்தபந்தத்துக்குக் கொடுப்பதற்கும் என்று கிட்டங்கி மூலையில் அவர் ஒரு மூட்டையைத் தனியாக வைத்திருப்பார். அடையாளத்துக்கு அதன் வாயில் மஞ்சள் சேலைக் கிழிசலைக் கட்டியிருப்பார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் போய், அந்த மூட்டைக்குள் கையை விட்டுப் பழைய டிஸ்க்கை எடுத்துக்கொண்டு, புதிதாகப் பிரதி எடுத்த டிஸ்க்கைத் துணி சுற்றி அடியாழத்தில் புதைத்துவிட்டு வருவேன். மதினியும் நானும் இதில் கூட்டு. அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்தால், காய்க்குள் இரும்பைப் போடுவார்களா என்று சாமியாடியிருப்பார். என் கணவருக்கும் தெரியாது. அவருடைய அருமைப் பெட்டியில் நான் தீபாவளி முறுக்கைப் போட்டு வைத்திருந்தேன். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களால் முறுக்கு பிரமாதமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

போன வருடம் ஐப்பசிக் கடைசி. பூக்காலம் முடிந்து, நான் வீடியோக்களைப் பார்த்துத் தேனீக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று வருடத்துக்கு எண்ணியாயிற்று. கடைசி இரண்டு வருடத்து வீடியோக்கள் பாக்கி. தை மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும், இனி ஒரு நாள்கூட நீட்டிப்பு கிடைக்காது என்று நெறியாளர் சொல்லியிருந்தார். பூத்த பூ மறுபடி பூக்காது. வீடியோ போனால் எல்லாம் போச்சு.

மூன்று நாள் விடாத மழை. வியாழக்கிழமை மதியம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். என் கணவர் ஒரு கல்யாணத்துக்காக மதுரை போயிருந்தார். நான் வீட்டுக்கு வந்தபோது தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வாசல் வரப்பு கம்பீரமாக நின்று, ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட உள்ளே விடவில்லை. மனுஷன் கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன். உள்ளே வரப்பின் விளிம்பு வரைக்கும் தண்ணீர். ஓடைத் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. சாக்கடைக் குழாய் வழியாகப் பின்னால் ஏறி, குளியலறைக்குள்ளிருந்து பொங்கியிருந்தது. அதை வெளியே போகவிடாமல் வரப்பு காவல் காத்துக்கொண்டிருந்தது.

நல்லவேளை, தெருவுக்கே கரண்டை நிறுத்தியிருந்தார்கள். வீட்டோடு மாப்பிள்ளை தலை வரைக்கும் முங்கியிருந்தார். பீரோவில் இருந்த டிஸ்க்கு கீழ் இழுப்பறையில் இருந்தது. முதலில் மேல் தட்டில்தான் இருந்தது. தீபாவளிச் சேலைக்கு இடம் வேண்டும் என்று நானேதான் கீழே மாற்றினேன். குனிந்து, தடவி, இழுத்து எடுத்தேன். அதிலிருந்து சேற்றுத் தண்ணீர் ஒழுகியது. நிமிர்ந்து பார்த்தால், கூடத்தின் நடுவில் அந்தத் தண்ணீர் புகாத பெட்டி ஜம்மென்று மிதந்து வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் குழந்தைகளும் அங்கே ஏறியிருந்தார்கள். பெட்டியைத் திறந்தேன். ஒரு முறுக்குகூட நமுத்துப்போகவில்லை. எல்லோரும் சாப்பிட்டோம். எனக்கு அழுகை வரவேயில்லை. மூன்றாவது பிரதி அண்ணனின் கிட்டங்கியில், மேட்டில், மாடியில், மூட்டைக்குள் பத்திரமாக இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தெருத் தண்ணீர் வடிந்துவிட்டது. எங்கள் வீட்டுத் தண்ணீர் மட்டும் வடியவில்லை. ஊரெல்லாம் காய்ந்து கிடக்க, எங்கள் கூடத்தில் மட்டும் குளம். தெருக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மதுரையிலிருந்து வந்து இறங்கிய என் கணவர், கடப்பாரையை வாங்கி, தன் வரப்பைத் தானே உடைத்தார். தண்ணீர் வெளியே பாய்ந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர், "மடை திறந்தாச்சு, இனி நாத்து நட்டுரலாம் தம்பி" என்றார். தெருவே சிரித்தது. என் கணவரும் சிரித்தார், ஆனால் உள்ளே வந்து சர்வரைத் திறந்து அதன் வயிற்றில் சேற்றைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"மூணாவது இருக்குல்ல?" என்றேன்.

"அதுக்குத்தான் மூணுன்னேன்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு அதில் ஒரு பெருமை.

சனிக்கிழமை காலையில் வீட்டைக் கழுவிவிட்டு இரண்டு பேரும் கிட்டங்கிக்குப் போனோம். மாடி ஏறும்போதே நான் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பெட்டியில் இல்லை, மூட்டையில் இருக்கிறது, பெட்டியைவிட மூட்டை நல்லது, எங்கள் பரம்பரைக்கே தெரியும் என்று மூச்சுவிடாமல் பேசினேன். மேலே போய் மூலையைப் பார்த்தேன். மூலை காலியாக இருந்தது. மஞ்சள் சேலைக் கிழிசல் மட்டும் தரையில் கிடந்தது.

அண்ணன் கீழேயிருந்து வந்தார். "என்னத்தத் தேடுற ஆத்தா?"

"மதினி மூட்டை எங்கண்ணே?"

"அதுவா? புதன்கிழமை ஏலத்துக்கு அனுப்புன லாட்டுல கொஞ்சம் காய் கொறஞ்சுச்சு. ஒங்க மதினி கம்பத்துல அவுக அம்மா வீட்டுக்குப் போயிருக்கால்ல, வர்றதுக்குள்ள வேற மூட்டை வச்சுக்கலாம்னு அதையும் தச்சு ஏத்திவிட்டேன். நல்ல காயி. கையோட வித்துப்போச்சு."

நான் பக்கத்து மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். என் கணவர்தான் அண்ணனுக்கு எல்லாவற்றையும் விளக்கினார். அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"முக்காக் கிலோ இரும்பா? மாப்ளே, காய்க்குள்ள இரும்ப வச்சு எடை போட்டான்னு ஊரே பேசுமே! எங்கப்பா காலத்துலருந்து ஒரு கல்லு, ஒரு குச்சி கெடந்ததுன்னு ஒருத்தன் சொன்னதில்லயே!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"மச்சான், பேரப் பத்திப் பெறகு பேசலாம். யாரு வாங்குனது?" என்றார் என் கணவர்.

வாங்கியவர் இரண்டு தெரு தள்ளி இருக்கும் மொத்த வியாபாரி. காயைத் தரம் பிரித்துச் சாயங்கால லாரியில் டெல்லிக்கு ஏற்றிவிடுவார் என்று சொல்லிக்கொண்டே அண்ணன் செருப்பைத் தேடினார். மூன்று பேரும் ஓட்டமும் நடையுமாகப் போனோம். வழியில் என் கணவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப அந்தப் பெட்டிக்குள்ள என்னதான் இருந்துச்சு?"

"முறுக்கு."

அவர் நடு ரோட்டில் நின்றுவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். எனக்கும் பதில் தயாராக இருந்தது. ஆனால் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். "வெரசா வாங்க மாப்ளே, சிரிக்கிற நேரமா இது!" என்று அண்ணன் அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

தரம் பிரிக்கும் இடம் நீளமான கூடம். ஐம்பது பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, முன்னால் குவித்திருக்கும் ஏலக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பருத்தது ஒரு பக்கம், சிறுத்தது ஒரு பக்கம், வெடித்தது, வெளுத்தது, சப்பை என்று கைகள் தாமாகப் போய்வந்தன. வாய்கள் வெள்ளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன. கூடத்தின் கோடியில் தைத்து முடித்த மூட்டைகள் லாரிக்குத் தயாராக அடுக்கியிருந்தன. தன் மூட்டைக்குள் மாதிரிக் காய் வைக்கும் பெட்டி ஒன்று தவறி விழுந்துவிட்டது என்று அண்ணன் கணக்குப்பிள்ளையிடம் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பொறுக்கமாட்டாமல் கூடத்தின் நடுவில் போய் நின்று, வகுப்பில் பேசும் குரலில் கத்திவிட்டேன்.

"அண்ணன் அனுப்புன மூட்டையில ஒரு கறுப்புப் பெட்டிய நான்தான் வச்சேன். எங்க அண்ணன் மேல தப்பில்ல. அது என் அஞ்சு வருசத்துப் படிப்பு. யாராவது பாத்தீங்களா?"

ஐம்பது பேர் கைகளும் நின்றன. நடு வரிசையிலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா மெதுவாக எழுந்தார். சிலமலை என்ற சமவெளிக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்சில் வருபவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இடுப்பில் கையை ஊன்றி, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன துணி சுத்தியிருந்துச்சு, சொல்லுங்க பாப்போம்."

அண்ணன் பக்கத்தில் நிற்கிறார், கணக்குப்பிள்ளை நிற்கிறார். "நீலப் பூப் போட்ட பழைய நைட்டி" என்றேன். கூடம் கொல்லென்று சிரித்தது. அண்ணன் ஓட்டுக்கூரையை ஆராயத் தொடங்கினார்.

"ஒங்களதுதேன்" என்று அந்த அம்மா சுவரோரம் போய், தன் சோற்று வாளிக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுத்தார். "நேத்து மூட்டையக் கொட்டும்போது காயோட காயா வழுக்கிக்கிட்டு வந்து விழுந்துச்சு. இரும்புக் கடையில போட்டுருங்கன்னாங்க. இம்புட்டுப் பாந்தமா துணி சுத்தி வச்சிருக்காகன்னா யாருக்கோ அருமையான பொருளாத்தேன் இருக்கும், தேடிக்கிட்டு வருவாகன்னு எடுத்து வச்சேன்."

நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் மேலிருந்த ஏலக்காய்த் தூசியில் எனக்கு மூன்று தும்மல் வந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

"இருங்க. உள்ள அப்பிடி என்னதேன் இருக்கு?" என்று கேட்டார்.

"தேனீ. ஏலக்காப் பூவுக்கு வர்ற தேனீ. படம் பிடிச்சு வச்சிருக்கேன்."

"அப்ப எங்களுக்கும் ஒரு நாளைக்குக் கொண்டாந்து காட்டுங்க" என்றார். சத்தியம் செய்துவிட்டு வந்தேன்.

அண்ணன் கடையிலேயே என் கணவர் தன் மடிக்கணினியில் டிஸ்க்கை மாட்டினார். அது வேலை செய்யும் என்று யார் சொன்னது? மூட்டையில் ஏறி, வண்டியில் உருண்டு, தரையில் கொட்டப்பட்ட பொருள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கிர்ரென்று சுற்றும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு என் கணவர் என் தோளைத் தட்டினார். திரையில் வெள்ளைப் பூ, ஊதாக் கோடு, கோட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும் தேனீ. பின்னணியில், "டீச்சரே, தேனீச்ச வந்நோ?" என்று மேற்பார்வையாளரின் குரல். நான் சத்தம் போட்டு அழுதேன். அண்ணன் கடைப் பையனை அனுப்பாமல் தானே போய் எல்லோருக்கும் இனிப்புக்குப் பால்பன் வாங்கி வந்தார். அவர் பெயர் பிழைத்த சந்தோஷமும் அதில் இருந்தது.

அந்த வாரமே இரண்டு புதுப் பிரதிகள் எடுத்தோம். சர்வர் இப்போது மாடிப்படி முகட்டில் உட்கார்ந்திருக்கிறார். வாசலில் வரப்பு இல்லை. அண்ணன் தன் கல்லாவுக்குப் பக்கத்தில் தண்ணீர் புகாத பெட்டிக்கு ஓர் இடம் ஒதுக்கி, ஏலக்காய்க்குப் பக்கத்தில் நான் வரக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார். மதினி ஊரிலிருந்து வந்ததும் தன் மூட்டையை எடுத்ததற்காக அவரிடம் சண்டை போட்டார். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை, சாப்பாட்டு வேளையில், வாக்குக் கொடுத்தபடி மடிக்கணினியோடு அந்தக் கூடத்துக்குப் போனேன். என் கணவர் ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு சாக்குக் கட்டின் மேல் கணினியை வைத்தோம். சோற்று வாளியை மடியில் வைத்துக்கொண்டு ஐம்பது பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் பூ திரையில் வந்ததும் பேச்சு நின்றது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவர்களில் முக்கால்வாசிப் பேர் மலைக்கு ஏறியதே இல்லை. சமவெளிக் கிராமங்களிலிருந்து நேராக இந்தக் கூடத்துக்கு வந்து, உலர்ந்த காயைத்தான் வாழ்நாள் முழுக்கக் கையில் எடுத்திருக்கிறார்கள்.

"ஆத்தீ, இதா பூவு? தரையிலயா கெடக்கும்?" என்று சிலமலை அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "இருபத்திரண்டு வருசமாக் காயப் பொறுக்குறேன், பூவ இன்னைக்குத்தேன் பாக்குறேன்."

தேனீ உள்ளே போய் வெளியே வந்தது. எல்லோரும் ஏதோ கல்யாணப் பெண்ணைப் பார்த்த மாதிரி கை தட்டினார்கள். எனக்குள் டீச்சர் விழித்துக்கொண்டாள். தேனீ வந்தால்தான் காய், வராவிட்டால் பூ மறுநாளே வாடி உதிர்ந்துவிடும் என்று விளக்கினேன். காய்க்குள் மூன்று அறைகள் இருப்பதையும், மகரந்தம் போதுமான அளவு சேர்ந்தால்தான் விதைகள் நிறையப் பிடிக்கும் என்பதையும் சொன்னேன். என் கணவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா சோற்றைப் பிசைந்த கையை அப்படியே நிறுத்தினார். "அப்ப டீச்சர், ஒரு பக்கம் நல்லாப் பருத்து ஒரு பக்கம் சப்பையா ஒட்டிக் கெடக்குதே, நாங்க ஒதுக்குற காயி. அது ஈ வந்தும் சரியா வராமப் போன பூவா?"

பூச்சி கடித்தாலும், தண்ணீர் பற்றாவிட்டாலும்கூடக் காய் சப்பையாகும். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. ஐந்து வருடத்தில் நான் ஒருமுறைகூட அதைக் கேட்கவில்லை. பூவோடு நின்றுவிட்டேன், காய் வரைக்கும் போகவே இல்லை. நெறியாளரும் கேட்கவில்லை. என் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வீடியோவை நிறுத்தினார்.

"தெரியலம்மா. எனக்குத் தெரியல" என்றேன்.

"தெரியலன்னா பாத்துக்கிறது" என்று அவர் கையைக் கழுவிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். கழிவுத் தட்டிலிருந்து சப்பைக் காய்களை இரண்டு கையாலும் அள்ளி வந்து என் முந்தானையை விரிக்கச் சொல்லிக் கொட்டினார். "இந்தாங்க. தெனமும் கெடைக்கும், எம்புட்டு வேணும்னாலும் எடுத்து வைக்கிறேன்" என்றார். அந்தக் காய்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வராமல் போன தேனீக்களின் கணக்கு இவற்றில் இருக்கலாம்; ஐந்து வருடமாக வந்த தேனீக்களை மட்டும்தான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.